பி.பி. மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

காலை வாக்கிங் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும், சட்டைப் பையிலிருந்து லேப் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார் அந்த மளிகைக்கடைக்காரர். வயது 58. ஆறு வருடமாக பி.பி. இருக்கிறது. சிறுநீரில் புரதம் போவது தெரிந்ததால், ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மாத்திரையோடு டெல்மிசார்டானையும் டாக்டர் சேர்த்து எழுதியிருந்தார். இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரும்படியும் சொல்லியிருந்தார். பரிசோதனை செய்தாயிற்று. 1.2 ஆக இருந்த கிரியாட்டினின் 1.4 ஆகியிருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வேறு.

“சார், சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. புது மாத்திரை கிட்னியை அரிக்க ஆரம்பிச்சிடுச்சு. எங்க மச்சானும் இப்படித்தான். பி.பி. மாத்திரையா போட்டுப் போட்டு கடைசியில டயாலிசிஸ்ல போய் நின்னாரு” என்றார் பக்கத்தில் இருந்த நண்பர்.

அன்றைக்கே எல்லா பி.பி. மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார் கடைக்காரர். டாக்டரிடம் போகவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. தலைவலி இல்லை, தலைசுற்றல் இல்லை. மாத்திரை இல்லாமலேயே நன்றாகத்தானே இருக்கிறோம் என்ற தெம்பு வந்துவிட்டது. மனைவிக்காக மாதாமாதம் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஐந்து மாதம் ஓடியது. ஆயுத பூஜைக்குக் கடையைத் துடைக்கும்போது, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கட்டுக்கட்டாக மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“என்னங்க இது?” என்று கேட்ட மனைவியின் குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனார். பி.பி. 178/104. கிரியாட்டினின் 1.8.

“பார்த்தீங்களாம்மா... மாத்திரையை நிறுத்தியும் கிட்னி கெட்டுத்தானே போயிருக்கு” என்றார் கடைக்காரர், ஏதோ வழக்கில் ஜெயித்தவர்போல.

“நிறுத்தினதாலதான் சார் கெட்டிருக்கு. சரி, வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களா?”

“வேற ஒண்ணும் இல்ல. முட்டி வலிக்கு மெடிக்கல்ல வாங்கிப் போடுறதுதான். தினம் ஒண்ணு, ரெண்டு. அதெல்லாம் கணக்கா?”

அதுதான் முதல் கணக்கு!

இது ஒரே வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொன்னது. பி.பி. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்ற பேச்சு டீக்கடையில் தொடங்கி, கல்யாண மண்டபம் வழியாக, குடும்ப வாட்ஸ்அப் குழு வரை சுற்றிவருகிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இழப்பது, எதைக் காப்பாற்ற நினைத்தார்களோ அந்தச் சிறுநீரகத்தையேதான்.

குடை பிடித்ததால் மழை வந்ததா?

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பெரும்பாலானவர்கள் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான். சிலர் மூன்று, நான்கு விதமான மாத்திரைகள் சாப்பிடுவார்கள். அதைப் பார்க்கிறவர்களுக்கு, இத்தனை மாத்திரை சாப்பிட்டதால்தான் இந்த நிலைமை என்று தோன்றுவது இயல்பு. மழை பெய்யும் தெருவில் எல்லோரும் குடை பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்வதுபோலத்தான் இது.

உண்மையான மழை, கட்டுப்படாத ரத்த அழுத்தம். இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய ரத்தக்குழாய்ச் சுருள் ஒன்று வடிகட்டியாக வேலை செய்கிறது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, தேவையானதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன.

இவ்வளவு நுட்பமான வடிகட்டிமீது வருடக்கணக்கில் கூடுதல் அழுத்தம் மோதினால் என்ன ஆகும்? சிறு குழாய்களின் சுவர் தடித்து, உள்வழி குறுகிவிடும். சில வடிகட்டிகள் தழும்பேறி மூடிக்கொள்ளும். மிச்சம் இருப்பவை அவற்றின் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்து, சீக்கிரம் களைத்துப்போகும். ரத்தத்தில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் கசியும். சிறுநீரகம் பழுதானால் உப்பும் நீரும் உடம்பில் தங்கி, பி.பி. இன்னும் ஏறும். ஏறிய பி.பி. சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். இது ஒரு செக்கு மாட்டுச் சுற்று.

இந்தச் சுற்று நடக்கும்போது பெரும்பாலும் வலியே இருக்காது. வேலைத்திறனில் பாதி குறையும் வரைகூட கிரியாட்டினின் இயல்பாகவே காட்டலாம். மாத்திரை இல்லாமலேயே நன்றாக இருக்கிறேன் என்று கடைக்காரருக்குத் தோன்றியது இதனால்தான்.

சொட்டுநீர்க் குழாய் சொல்லும் ரகசியம்

சரி, அந்த 1.4? புது மாத்திரை போட்டதும் கிரியாட்டினின் ஏறியது உண்மைதானே?

உண்மைதான். ஆனால், அது மாத்திரை வேலை செய்வதன் அடையாளமாகவும் இருக்கலாம். தென்னந்தோப்பில் போட்டிருக்கும் சொட்டுநீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் தண்ணீர் வருகிறது. குழாயில் இருக்கும் சிறு துளைகள் வழியாகச் சொட்டுகிறது. மறுமுனையைக் கையால் அழுத்திப் பிடித்தால் குழாய்க்குள் அழுத்தம் கூடி, துளைகளில் இன்னும் வேகமாகப் பீய்ச்சும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், நாள் முழுக்க அப்படியே பிடித்திருந்தால் துளைகள் அகன்று, குழாயே வீணாகிவிடும்.

சிறுநீரக வடிகட்டிக்கும் உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியேறும் குழாய் ஒன்று. ஆஞ்சியோடென்சின் என்ற ரசாயனம் வெளியேறும் குழாயை இறுக்கிப் பிடிக்கிறது. பி.பி., சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்தப் பிடி வடிகட்டியைப் பாதிக்கும் அளவுக்குப் போய்விடுகிறது. டெல்மிசார்டான், லோசார்டான், ஓல்மிசார்டான் எனப் பெயர் ‘சார்டான்’ என்று முடியும் மாத்திரைகளும், ராமிப்ரில், எனலாப்ரில் என ‘ப்ரில்’ என்று முடியும் மாத்திரைகளும் செய்வது, அந்தப் பிடியைத் தளர்த்துவதுதான்.

பிடி தளர்ந்ததும் வடிகட்டிக்குள் அழுத்தம் இறங்கும். புரதக் கசிவு குறையும். கூடவே வடியும் அளவும் கொஞ்சம் குறையும். அதனால் ரத்தத்தில் கிரியாட்டினின் சற்று ஏறும். சக்திக்கு மீறி ஓடிக்கொண்டிருந்த வடிகட்டிகள் இப்போது நிதானமாக ஓடுகின்றன என்று அர்த்தம்.

எவ்வளவு ஏறலாம்? ஜார்ஜ் பாக்ரிஸ், மேத்யூ வெய்ர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 12 ஆய்வுகளை அலசி, 2000-ம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாத்திரை தொடங்கியபின் கிரியாட்டினின் 30 சதவிகிதம் வரை ஏறி, முதல் இரண்டு மாதங்களில் அங்கேயே நின்றுவிட்டால் அதற்காக மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை; அப்படி ஏறியவர்களின் சிறுநீரகம் நீண்டகாலத்தில் நன்றாகவே காக்கப்பட்டது என்றார்கள். இன்றும் மருத்துவர்கள் மனதில் வைத்திருக்கும் எல்லைக்கோடு இந்த 30 சதவிகிதம்தான்.

கடைக்காரரின் கணக்கைப் போட்டுப்பாருங்கள். 1.2-லிருந்து 1.4 என்றால் ஏறியது சுமார் 17 சதவிகிதம். எல்லைக்கோட்டுக்கு உள்ளேதான் இருந்தார். அந்த நட்சத்திரக் குறியை லேப் மெஷின் போட்டது. அதற்கு அவர் என்ன மாத்திரை தொடங்கினார், எதற்காகத் தொடங்கினார் என்பதெல்லாம் தெரியாது. 1.2 திடீரென 1.9 ஆகியிருந்தால் அது வேறு விஷயம். அப்போது டாக்டரே மாத்திரையை நிறுத்திவிட்டு, காரணம் தேடியிருப்பார்.

பயம் புதிதல்ல... பதிலும் பழசுதான்

பி.பி.யைக் குறைத்தால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டீக்கடை நண்பர் மட்டும் பயப்படவில்லை. ஒரு காலத்தில் பெரிய பெரிய மருத்துவர்களே அப்படி நினைத்தார்கள். குறுகிப்போன குழாய்கள் வழியாகச் சிறுநீரகத்துக்கு ரத்தத்தைத் தள்ள அதிக அழுத்தம் தேவை. அதைக் குறைப்பது ஆபத்து என்பது 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் பலரின் கருத்து. அந்தக் காலத்தில் உருப்படியான பி.பி. மாத்திரையும் கிடையாது. அமெரிக்க அதிபராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கே கட்டுக்கடங்காத பி.பி. இருந்தது. 1945 ஏப்ரலில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார்.

நிலைமை மாறியதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை, நோயாளிகளிடம் சோதித்த முடிவுகளோடு 1949-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். அந்த வேரிலிருந்து எடுத்த ரெசர்பின், பி.பி. மருந்தாக உலகமெங்கும் போனது. ரெசர்பினையும் வேறு இரண்டு மருந்துகளையும் வைத்து, அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் 143 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1967-ல் வந்தது. மருந்து பெறாத 70 பேரில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்புகள். மருந்து பெற்ற 73 பேரில் 2 பேருக்கு மட்டுமே. பி.பி.யைக் குறைப்பது ஆபத்து என்ற வாதம் அத்தோடு பலமிழந்தது.

அடுத்து வந்தது ‘ப்ரில்’ குடும்பம். பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் கிடைத்த துப்பை வைத்து உருவாக்கிய கேப்டோப்ரில், 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 409 பேரிடம் நடந்த ஆய்வு 1993-ல் வெளியானது. கேப்டோப்ரில் சாப்பிட்டவர்களுக்கு மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்ற நிலைக்குப் போகும் ஆபத்து பாதியாகக் குறைந்திருந்தது. 2001-ல் 1,513 பேரிடம் நடந்த லோசார்டான் ஆய்வில், சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் ஆபத்து 28 சதவிகிதம் குறைந்தது.

இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் பழுதானவர்கள் இந்த மாத்திரைகளை நிறுத்தினால், கிட்னி கொஞ்சமாவது தேறுமா? பிரிட்டனில் 411 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நிறுத்தியும் மற்றவர்களுக்குத் தொடர்ந்தும் மூன்று வருடம் கவனித்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. நிறுத்தியவர்களின் சிறுநீரகம் தேறவில்லை. நிறுத்தியதால் லாபம் எதுவும் இல்லை என்பதுதான் பதில்.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல

பி.பி. மாத்திரை என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அவை பல குடும்பங்கள்.

ஆம்லோடிபின், சில்னிடிபின் போன்றவை ரத்தக்குழாய்களைத் தளர்த்துபவை. ஆம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். உடனே கிட்னி போய்விட்டது என்று வீடே கலங்கிவிடும். பெரும்பாலும் அது காலின் சிறு குழாய்களிலிருந்து கசியும் நீர்தான். அளவைக் குறைத்தாலோ மாத்திரையை மாற்றினாலோ வடிந்துவிடும். ஆனால், சிறுநீரகக் கோளாறாலும் கால் வீங்கும் என்பதால், எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் போன்றவை நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள். வயதானவர்களுக்கு இவற்றால் சோடியம் குறையலாம். தாத்தாவுக்குத் திடீரென்று தடுமாற்றம், பேச்சில் குழப்பம் என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் சோடியம் பார்க்க வேண்டும்.

‘ப்ரில்’ மாத்திரைகளால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். சொன்னால் டாக்டர் ‘சார்டானுக்கு’ மாற்றிவிடுவார். அபூர்வமாக உதடு, நாக்கு, முகம் வீங்கினால் அது அவசர நிலை. நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மெட்டோபுரோலால், குளோனிடின் போன்றவற்றை ஒரே நாளில் நிறுத்துவது சிறுநீரகத்தைவிட இதயத்துக்கும் மூளைக்கும் உடனடி ஆபத்து. பி.பி. சரசரவென ஏறிவிடலாம், இதய நோய் இருப்பவர்களுக்கு நெஞ்சுவலி வரலாம்.

இன்று ஒரே மாத்திரையில் இரண்டு, மூன்று மருந்துகள் சேர்ந்து வருகின்றன. அட்டையின் பின்பக்கம் என்னென்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது.

மாத்திரை உண்மையிலேயே தொந்தரவு தருவது எப்போது?

பி.பி. மாத்திரைக்கு முழுச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. சில சூழ்நிலைகளில் அதனாலும் சிறுநீரகம் தடுமாறும். அந்தச் சூழ்நிலைகளைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பயம் தேவையில்லை.

*வலி மாத்திரை சேரும்போது:* டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவை வடிகட்டிக்கு உள்ளே வரும் குழாயைச் சுருங்க வைக்கும். சொட்டுநீர்க் குழாய்க் கணக்கில் சொன்னால், மோட்டார் பக்கத்து வால்வை மூடுவது. ‘சார்டான்’ மறுமுனையைத் திறந்துவைத்திருக்கிறது. நீர் மாத்திரையும் இருந்தால் தொட்டியிலும் தண்ணீர் குறைவு. மூன்றும் சேர்ந்தால் குழாய் வறண்டு, சிறுநீரகம் சட்டென்று நின்றுவிடக்கூடும். கடைக்காரரின் கதையில் பி.பி. மாத்திரை இல்லை. ஏறிய பி.பி.யும் வலி மாத்திரையும் மட்டுமே கூட்டணி சேர்ந்தன. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்ற பேச்சில் உண்மை இருக்கிறதென்றால், அது அதிகம் பொருந்துவது கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைக்குத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

*வாந்தி, பேதியின்போது:* உடம்பில் நீர் வற்றும் நாட்களில் ‘சார்டான்’, ‘ப்ரில்’, நீர் மாத்திரை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க டாக்டர்கள் சொல்வதுண்டு. அது யாருக்கு, எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். உடம்பு சரியாகிச் சாப்பாடு இறங்கியதும், அவர் சொன்னபடி மறுபடி தொடங்க மறக்கக் கூடாது. நிறுத்தச் சொன்னது நினைவிருக்கும். தொடங்கச் சொன்னது பலருக்கு மறந்துவிடும்.

*பொட்டாசியம் ஏறும்போது:* ‘சார்டான்’, ‘ப்ரில்’, ஸ்பைரனோலாக்டோன் மாத்திரைகளால் பொட்டாசியம் கூடலாம். அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்கள் தினமும் இளநீர் குடிப்பதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பி.பி.க்கு நல்லது என்று விற்கப்படும் சோடியம் குறைந்த உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். அவர்கள் அதையும் கேட்காமல் தொடக் கூடாது.

*‘ப்ரிலும்’ ‘சார்டானும்’ சேரும்போது:* இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்பு நன்மை என்று ஒருகாலத்தில் நினைத்தார்கள். ராமிப்ரில், டெல்மிசார்டானை வைத்து 25,000 பேருக்குமேல் நடந்த ஆய்வு 2008-ல் அதைப் பொய்யாக்கியது. சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்புதான் கூடியது. இரண்டு டாக்டர்களிடம் தனித்தனியாகப் போகிறவர்கள், ஒருவர் எழுதியதை மற்றவரிடம் காட்டாவிட்டால் இந்த விபத்து தெரியாமலேயே நடக்கும்.

*சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயே அடைபட்டிருக்கும்போது:* இரண்டு பக்கமும் அடைப்பு இருப்பவர்களுக்கு மாத்திரை தொடங்கியதும் கிரியாட்டினின் வேகமாக ஏறும். இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

*கர்ப்ப காலத்தில்:* ‘சார்டான்’, ‘ப்ரில்’ இரண்டுமே கூடாது. குழந்தையின் சிறுநீரகத்தையே பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி, வேறு மாத்திரைக்கு மாற வேண்டும்.

என்னென்ன பரிசோதனை... எப்போது?

பி.பி. இருப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது மூன்று விஷயங்கள் தேவை. சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் இன்னும் அடிக்கடி.

1. ரத்தத்தில் கிரியாட்டினின். அதோடு வயதையும் பாலினத்தையும் வைத்துக் கணக்கிடும் ‘இ-ஜி.எஃப்.ஆர்’ எண்ணையும் பாருங்கள். அது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்குமேல் நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய்.

2. சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை. கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே கசிவைக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனை இது. பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

3. பொட்டாசியமும் சோடியமும்.

‘சார்டான்’, ‘ப்ரில்’ தொடங்கும்போதும், அளவைக் கூட்டும்போதும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப்போடாதீர்கள். ஏறியது எத்தனை சதவிகிதம் என்று தெரிய, பழைய எண் வேண்டும்.

சிறுநீர் அளவு திடீரென்று குறைந்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, மாத்திரை போட்டபின் எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

விலை உயர்ந்த வைத்தியம் தேவையில்லை

சிறுநீரகத்தைக் காப்பது பணக்காரர்களுக்கு மட்டும் முடிகிற காரியம் அல்ல. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னையை ஒட்டிய கிராமங்களில் இதைச் செய்துகாட்டினார். அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள். பி.பி. பார்த்தார்கள். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று எளிய முறையில் சோதித்தார்கள். கொடுத்ததெல்லாம் ரெசர்பின், தையசைடு போன்ற மிக மலிவான பழைய மருந்துகள்தான். அவற்றாலேயே பெரும்பாலானவர்களின் பி.பி. கட்டுக்குள் வந்தது.

எந்த மாத்திரை என்பதைவிட, தினமும் சாப்பிடுவதும் பி.பி. கட்டுக்குள் இருப்பதும்தான் முக்கியம் என்பதற்கு அந்தக் கிராமங்கள் சாட்சி. இன்று தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பி.பி. மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது. டயாலிசிஸோ வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போகிறவருக்கும் கூடப் போகிறவருக்கும் அன்றைய பிழைப்பு போய்விடும்.

மாத்திரையோடு உப்பும் குறைய வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத்தீனியில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

கல்லாப்பெட்டியில் ஒரு நோட்டு

மளிகைக்கடைக்காரருக்கு டாக்டர் முதலில் செய்தது, வலி மாத்திரையை நிறுத்தியது. முட்டிக்கு உடற்பயிற்சியும், தேவைப்படும்போது பாராசிட்டமாலும் எழுதினார். ஆம்லோடிபினை முதலில் தொடங்கினார். இரண்டு வாரத்தில் 1.8 ஆக இருந்த கிரியாட்டினின் 1.5 ஆக இறங்கியது. பிறகு டெல்மிசார்டானைக் குறைந்த அளவில் மறுபடி சேர்த்தார். கிரியாட்டினின் 1.6 ஆனது. இந்த முறை கடைக்காரர் பயப்படவில்லை. ஏறியது 7 சதவிகிதம்தான் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

“பழையபடி 1.2-க்கு வந்துடுமாம்மா?” என்று கேட்டார் அவர் மனைவி.

“தழும்பேறின இடம் திரும்ப வராதுங்க. இருக்கிறதைக் காப்பாத்தலாம். அது நம்ம கையில இருக்கு” என்றார் டாக்டர்.

இப்போது அந்தக் கடையின் கல்லாப்பெட்டியில் கடன் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு இருக்கிறது. தேதி, பி.பி., கிரியாட்டினின், பொட்டாசியம். எழுதுவது மனைவி. கடைசி மூன்று வரிகளிலும் கிரியாட்டினின் 1.6 என்றே இருக்கிறது. பி.பி. 128, 130, 126.

டீக்கடை பெஞ்சில் வாக்கிங் நண்பர் போன வாரம் தன் ரிப்போர்ட்டை நீட்டினார். புது மாத்திரை, புது நட்சத்திரக் குறி. கடைக்காரர் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

“இதை எங்கிட்ட காட்டாதீங்க சார். எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் மாத்திரையை நிறுத்தாதீங்க. நான் அஞ்சு மாசம் நிறுத்திப் பார்த்தேன். போனது திரும்பி வரல” என்றார்.

அடுத்த வாரம்: வீட்டிலேயே பி.பி. பார்க்கிறீர்களா? மெஷின் சரியாகக் காட்ட, கையும் காலும் எங்கே இருக்க வேண்டும்?